அட்டையில் மிஞ்சிய பணம் யாருடையது?



காலை வேளையில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மின்சார ரயில் வந்து நின்றதும் நூற்றுக்கணக்கானோர் இறங்குகிறார்கள். பெரும்பகுதியினர் ஒரகடம் சாலையை நோக்கி நடக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் அந்தச் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள். வேலைக்குப் போகிறவர்களின் கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது; சட்டைப் பையிலும் ஒன்றிரண்டு அட்டைகள் இருக்கின்றன. தானியங்கி இயந்திரத்தில் ரயில் சீட்டு எடுக்க ஒன்று, மாநகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஒன்று, உணவுப்படிக்கு ஒன்று. தெற்கே சிறிது தூரம் போனால் பரனூர் சுங்கச்சாவடி. அங்கே காரின் முன் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் வில்லையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவை அனைத்துக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. முதலில் பணத்தைக் கட்டுகிறோம். பிறகுதான் பயன் பெறுகிறோம். தமிழில் இதை 'முன்பண அட்டை' என்று சொல்லலாம். மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நீங்கள் அறிவீர்கள். அதில் கடைக்காரர் நமக்குக் கடன் கொடுக்கிறார். முன்பண அட்டையோ அதற்கு நேர்மாறானது. இங்கே கடன் கொடுப்பவர் நாம்! அட்டையில் நூறு ரூபாய் போட்டுவிட்டு அறுபது ரூபாய்க்குப் பயணம் செய்தால், மீதி நாற்பது ரூபாய் அட்டை வழங்கியவர் நமக்குத் தரவேண்டிய கடன். இந்த எளிய உண்மையை மறந்துவிடுவதால்தான் பல தொல்லைகள் வருகின்றன என்பது என் கருத்து. அதை நிலைநாட்டுவதற்கு முன், அட்டை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

அட்டை பிறக்கும் விதம்

அட்டையின் நீளம் 85.60 மில்லிமீட்டர், அகலம் 53.98 மில்லிமீட்டர், கனம் சுமார் 0.76 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் இதே அளவுதான். சர்வதேசத் தரம் இப்படி வகுத்திருப்பதால்தான் எந்த நாட்டு அட்டையும் எந்த நாட்டு இயந்திரத்திலும் நுழைகிறது.

பார்வைக்கு ஒரே தகடாகத் தெரிந்தாலும், அட்டை பல பிளாஸ்டிக் ஏடுகள் சேர்ந்தது. நடு ஏட்டில் மெல்லிய உலோகச் சுருள் ஒன்றும், அதனுடன் இணைந்த சில்லு ஒன்றும் இருக்கும். மேலும் கீழும் அச்சிட்ட ஏடுகளை வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்கி, பிறகு வெட்டி எடுக்கிறார்கள்.

அட்டைக்குள் மின்கலம் இல்லை. பின் சில்லு எப்படி வேலை செய்கிறது? பள்ளியில் படித்த மின்காந்தத் தூண்டலை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மாறும் காந்தப் புலத்தில் ஒரு சுருளை வைத்தால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினார். பேருந்து நடத்துநரின் கையிலுள்ள கருவி, நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டையை அருகே கொண்டு சென்றதும் சுருளில் மின்சாரம் பிறந்து சில்லு விழித்துக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் விலகினால் மீண்டும் உறங்கிவிடுகிறது. தொட்டால்போல் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஃபாஸ்டாக்கிலும் மின்கலம் இல்லை. ஆனால் அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. கம்பத்தின் மேலிருந்து வரும் அலையில் ஒரு பகுதியை வில்லை தன் எண்ணுக்கு ஏற்றபடி திருப்பி அனுப்புகிறது. அதனால் சில மீட்டர் தூரத்திலிருந்தே அதைப் படிக்க முடிகிறது.

உறையும் உயிரும்

அச்சான அட்டை உடனே பணமாகிவிடுவதில்லை. முதலில் பாதுகாப்பு மிகுந்த ஓர் அறையில் சில்லுக்குள் இரகசியத் திறவெண்கள் எழுதப்படுகின்றன. பிறகு ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் தரப்படுகிறது. எண்ணின் முதல் சில இலக்கங்கள் வழங்கும் நிறுவனத்தைக் குறிக்கும். கடைசி இலக்கம் ஒரு காவலாளி! ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. நீங்களே செய்து பார்க்கலாம்.

53184 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கோடியிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டியுங்கள். 4 என்பது 8 ஆகும். 1 என்பது 2 ஆகும். 5 என்பது 10 ஆகும். பத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 1. இரட்டிக்காத 8, 3 ஆகியவற்றையும் சேர்த்தால் 8+8+2+3+1=22. இதை முப்பதாக்க 8 வேண்டும். ஆகவே காவல் இலக்கம் 8. முழு எண் 531848. இணையத்தில் பணம் ஏற்றும்போது எவராவது ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கூட்டுத்தொகை பத்தின் மடங்காக வராது. இயந்திரம் உடனே மறுத்துவிடும். உங்கள் பணம் அடுத்தவர் அட்டைக்குப் போகாமல் காப்பது இந்தச் சின்னக் கணக்குதான்.

அடுத்தது உறை. சில அட்டைகளில் பெயர் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். பெயரில்லாத அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கவுண்டருக்கும் கடைக்கும் அனுப்புவார்கள். கடையில் கொக்கியில் தொங்கும் பரிசு அட்டையைப் பார்த்து, "இதை யாராவது திருடிவிட மாட்டார்களா?" என்று நீங்கள் நினைக்கலாம். திருடினாலும் பயனில்லை. விற்பனையாளர் உறையின் மேலுள்ள கோட்டுக்குறியைக் கருவியில் காட்டும் வரை, கணினியில் அந்த எண் உறங்கிக்கொண்டிருக்கும். காசு கட்டியதும்தான் உயிர் வரும்.

ஆனால் கள்ளன் பெரிதா, காப்பான் பெரிதா என்பார்களே! அமெரிக்காவில் சிலர் உறையை நைசாகப் பிரித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஒட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் அதை வாங்கிப் பணம் ஏற்றியதும் அந்தப் பணம் மறைந்தது. ஆகவே உறை என்பது அலங்காரமல்ல. அதுவும் ஒரு பூட்டு. உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். கைப்பேசிக்குச் சுரண்டும் ரீசார்ஜ் அட்டை வாங்கிய காலத்தில், சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள்.

பணம் தங்கும் இடம்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். அட்டையில் பணம் 'ஏற்றினேன்' என்கிறோமே, அந்தப் பணம் எங்கே ஏறுகிறது?

உண்மையான ரூபாய் வழங்கியவரின் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் 'இவ்வளவு மீதி' என்ற குறிப்பை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒன்று, தொலைவிலுள்ள கணினி. ஃபாஸ்டாக் இந்த வகை. வில்லையில் ஒரு பைசாகூட இல்லை, எண் மட்டும்தான். மற்றொன்று, அட்டையின் சில்லு. இந்த வகையில் பணப்பை நம் கையிலேயே இருக்கிறது.

2019 மார்ச்சில் அறிமுகமான தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை இரண்டையும் கலந்தது. சென்னை மெட்ரோ நிறுவனம் ஸ்டேட் வங்கியுடன் சேர்ந்து 2023 ஏப்ரலில் கொண்டுவந்த 'சிங்கார சென்னை' அட்டை இவ்வகையே. 2025 ஜனவரியில் அது மாநகரப் பேருந்துகளுக்கும் வந்தது. இதில் ஒரு கணக்கு கணினியிலும், ஒரு மீதி சில்லிலும் இருக்கும். பேருந்தில் கழிக்கப்படுவது சில்லிலுள்ள மீதி.

இதன் நன்மையைப் பாருங்கள். கூட்டம் நிறைந்த பேருந்து. கைப்பேசி அலைவரிசை கிடைக்காத இடம். நடத்துநரின் கருவி தொலைவிலுள்ள கணினியைக் கேட்கத் தேவையில்லை. கருவியும் சில்லும் இரகசியத் திறவெண்களால் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. சில்லு தன் மீதியைத் தானே குறைத்துக்கொள்கிறது. கருவி அந்தக் கணக்கைப் பிறகு மொத்தமாக அனுப்பிவிடும்.

ஆனால் இதே காரணத்தால் ஒரு குழப்பமும் பிறக்கிறது. கவுண்டரில் காசு கொடுத்தால் அட்டையைக் கருவியில் வைத்து நேரே சில்லில் எழுதிவிடுகிறார்கள். கைப்பேசி வழியாக ஏற்றினாலோ பணம் முதலில் கணினிக் கணக்கில் மட்டுமே சேரும். பையிலிருக்கும் சில்லுக்கு அது தெரியாது! உரிய கருவி ஒன்றில் அட்டையை மறுபடி வைத்த பின்னரே சில்லு புதிய மீதியைப் பெறும். இதை அறியாதவர், "நேற்று இரவே இருநூறு ரூபாய் போட்டேனே, இப்போது மீதி இல்லை என்கிறதே!" என்று நடத்துநரிடம் வாதாடுவார். இருவருமே பொய் சொல்லவில்லை. குறை எங்கே? அட்டையைக் கொடுக்கும்போது இதை இரண்டு வரியில் தமிழில் அச்சிட்டுத் தராததில் இருக்கிறது.

சிங்கப்பூர் கற்றுத்தந்த பாடம்

மீதி எங்கே இருந்தால் என்ன என்று அலட்சியமாக விட்டுவிட முடியாது. சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஈஸி-லிங்க் என்னும் அட்டையில் மீதி சில்லிலேயே இருந்தது. வாயிலில் வைத்ததும் கழித்த கட்டணமும் எஞ்சிய பணமும் திரையில் தெரியும். அதை மாற்றி, எல்லாவற்றையும் கணினிக் கணக்குக்குக் கொண்டுபோகப் போவதாக 2024 ஜனவரி தொடக்கத்தில் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. புதிய முறையில் வாயிலில் மீதி தெரியாது. கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முதியவர்களும் குழந்தைகளின் பெற்றோரும் எதிர்த்தார்கள். இரண்டே வாரங்களில், ஜனவரி 22 அன்று, அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்த மேலும் 4 கோடி சிங்கப்பூர் டாலர் செலவிடவும் முன்வந்தது. கணினியில் வைப்பதில் வேறு வசதிகள் உண்டு. ஆனால் தன் பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த நிமிடமே கண்ணால் காண்பதும் ஓர் உரிமைதான் என்று அந்த மக்கள் காட்டிவிட்டார்கள்.

போகிறவரின் நாற்பது ரூபாய்

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

ஒரு இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் எட்டு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். பேருந்துக்கு ஓர் அட்டை வாங்கினார். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் நாளில் அதில் நாற்பது ரூபாய் இருக்கிறது. அதை அவர் என்ன செய்வது?

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளும், 2024 பிப்ரவரியில் செய்த திருத்தமும், பொதுப் போக்குவரத்துக்கென்று ஒரு தனி அட்டை வகையை வகுத்தன. அடையாளச் சோதனை இல்லாமலே அதை வழங்கலாம். மீதி எப்போதும் ரூ.3,000-க்கு மேற்படக் கூடாது. காலாவதி கிடையாது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. எளியவர்க்கு அட்டை கிடைக்க இதனால் வழி பிறந்தது. ஆனால் கூடவே இன்னொரு விதியும் இருந்தது: அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ, திரும்பப் பெறவோ, பிறருக்கு மாற்றவோ முடியாது.

நாற்பது ரூபாய் சிறு தொகை என்று நீங்கள் சொல்லலாம். ஒரு லட்சம் பேர் இப்படி நாற்பது நாற்பது ரூபாய் விட்டுச்சென்றதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாற்பது லட்சம்! அட்டைத் தொழிலில் இப்படித் தேங்கும் பணத்துக்கு 'பிரேக்கேஜ்' என்று ஒரு பெயரே உண்டு. பெயர் வைக்கும் அளவுக்கு அது பெரிது என்று தெரிகிறதல்லவா? சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்பவருக்கு மட்டுமல்ல, இழப்பவருக்கும் பொருந்தும்.

திரும்பத் தராததற்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள்; அதையும் கேட்க வேண்டும். பெயரில்லாத அட்டையில் ஓரிடத்தில் பணம் போட்டு வேறிடத்தில் ரொக்கமாக எடுக்க முடிந்தால், கள்ளப் பணத்தைக் கைமாற்ற அது வழியாகிவிடும். இது உண்மையான அச்சமே. ஆனால் அந்த அச்சம் மூவாயிரம் ரூபாய்க்குப் பொருந்தலாம். ஐம்பது ரூபாய்க்குப் பொருந்துமா? ஓர் அட்டையை நிரந்தரமாக ஒப்படைக்கும்போது, ஒரே ஒரு முறை, சிறிய வரம்புக்குள் திருப்பித் தந்தால் எந்தக் கள்ளனுக்கும் அதில் இலாபமில்லை. கவுண்டரில் வேலை கூடுமே என்றால், ஒரு சிறு கட்டணத்தைக் கழித்துக்கொள்ளட்டும். டோக்கியோவின் 'சுயிக்கா' அட்டையைத் திரும்பக் கொடுத்தால், மீதியில் 220 யென் கழித்துக்கொண்டு, 500 யென் வைப்புத் தொகையை முழுவதுமாகத் தருகிறார்கள். 1997-இல் தொடங்கிய ஹாங்காங்கின் 'ஆக்டோபஸ்' அட்டையிலும் மீதியைத் திரும்பப் பெறலாம். கடைசிப் பயணத்தில் பணம் சற்றுக் குறைந்தால்கூட, வைப்புத் தொகையின் பலத்தில் பயணம் செய்ய அது இடம் தருகிறது.

நம் ஊரிலும் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டையில் பணம் ஏற்றுவது 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்பட்டபோது, இருந்த மீதியைச் செலவழிக்கவும், பிறகு அட்டையைக் கொடுத்துச் சிங்கார சென்னை அட்டையாக மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். ஒரு திட்டம் முடியும்போது செய்ய முடிந்ததை, ஒரு மனிதர் ஊரைவிட்டுப் போகும்போது ஏன் செய்யக் கூடாது?

வழங்கியவர் தடுக்கி விழுந்தால்?

முன்பணம் கொடுத்தவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. வழங்கியவருக்கே இடையூறு வந்தால் என்ன செய்வது? 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த ஆண்டு மார்ச் 15-க்குப் பிறகு அதன் பணப்பைகள், ஃபாஸ்டாக்குகள், போக்குவரத்து அட்டைகள் எவற்றிலும் புதிதாகப் பணம் ஏற்ற முடியாமற்போனது. ஆனால் ஏற்கெனவே இருந்த மீதியைத் தீரும் வரை பயன்படுத்தலாம் என்று ஆணை சொன்னது. இந்தக் காவல் தானாக வந்ததல்ல. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் எவரும் பொதுவான முன்பண அட்டை வழங்க முடியாது. வங்கியல்லாத நிறுவனம் வழங்கினால், மக்களின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் ஒரு வங்கியில் தனியான எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஆக, பணம் மக்களுடையது என்ற கொள்கையைச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கொள்கை கவுண்டர் ஜன்னல் வரை வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் கேட்பவை நான்கு. அட்டையை வைத்ததும் மீதி கண்ணில் தெரிய வேண்டும். அதைக் காணக் கைப்பேசி தேவைப்படக் கூடாது. ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றும் இடம் தொழிலாளர் வந்திறங்கும் நிலையங்களில் இருக்க வேண்டும். பணம் எங்கே தங்குகிறது, தொலைந்தால் என்ன ஆகும் என்பவை அட்டையின் உறையிலேயே தமிழிலும், வந்தவர்கள் படிக்கும் மொழிகளிலும் இருக்க வேண்டும். விடைபெறுகிறவருக்குச் சிறிய மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மின்காந்தத் தூண்டல் கிடைத்து இருநூறு ஆண்டு ஆகப்போகிறது; காவல் இலக்கத்துக்கு எழுபது வயது கடந்துவிட்டது. குறைவது விஞ்ஞானமல்ல, கடன் கொடுத்தவரை மதிக்கும் மனம்தான்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று மாலை வீட்டிலுள்ள முன்பண அட்டைகளைப் பெரியவர்களின் அனுமதியோடு எடுத்து ஒரு நோட்டில் பட்டியலிடுங்கள். வழங்கியவர் யார், மீதி எங்கே இருக்கிறது, எவ்வளவு, அதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று நான்கு பத்திகள் போடுங்கள். அட்டை எண்களை மட்டும் எழுதாதீர்கள். அவை பிறர் கண்ணில் படக் கூடாதவை. நான்காம் பத்தியில் எத்தனை இடங்களில் 'தெரியவில்லை' என்று எழுத நேர்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பிறகு அந்தக் கேள்வியை வீட்டிலும், வகுப்பிலும், கவுண்டரிலும் கேளுங்கள். நாளை இத்தகைய அட்டைகளை வடிவமைக்கப் போகிறவர்கள் உங்களில்தான் இருக்கிறார்கள். அப்போது ஊருக்குத் திரும்பும் அந்த இளைஞரின் நாற்பது ரூபாயை மறந்துவிடாதீர்கள்!